மார்லினா, டோரியா: யார் பட்ட பாடு பெரிது?

‘ஃபைண்டிங் நீமோ’ என்ற கார்ட்டூன் படத்தைப் பார்த்த யாரிடமும் அந்தப் படத்தில் அதிகம் கஷ்டப்பட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் நீமோவோட அப்பா என்பார்கள். மார்லின். பெண்டாட்டி போயாச்சு, நானூறுக்கு மேல் முட்டைகள் ஒரே நாளில் போயாச்சு, மிஞ்சிய ஒற்றைப் பிள்ளையையும் முக்குளிக்க வந்த ஒருவன் பையில் பிடித்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான், அவனைத் தேடிப் போன வழியில் சுறா, ஆழ்கடல் இருட்டு, சொறி (ஜெல்லி மீன்) கூட்டம், திமிங்கல வயிறு. இதுக்கு மேல் ஒரு மீனுக்கு என்னதான் வரணும்? டோரி என்றால் எல்லோருக்கும் சிரிப்புதான் முதலில் வரும். சொன்னதை ஐந்து நிமிடத்தில் மறக்கிற, திமிங்கல பாஷை பேசுகிறேன் என்று ஊளையிடுகிற நீல மீன்.

எங்கள் வீட்டில் அக்கா மகள் மார்லின் கட்சி. நான் டோரி கட்சி. வாயால் சொன்னால் அவள் பாதியிலேயே குறுக்கே விழுந்து மறித்துவிடுவாள் என்பதால் என் பக்க நியாயத்தை முழுசாக எழுதியே வைத்துவிடுகிறேன். ‘ஃபைண்டிங் நீமோ’, அதன் தொடர்ச்சியான ‘ஃபைண்டிங் டோரி’ என்று இரண்டு படத்தின் கதையும் இதில் வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் மார்லினுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். 2003இல் பிக்சார் எடுத்த படம், இயக்கம் ஆண்ட்ரூ ஸ்டான்டன். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மார்லினும் பெண்டாட்டி கோரலும் புதுசாகக் குடிவந்த கடல் சாமந்திக்குள் முட்டைகளைப் பார்த்துப் பேர் வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சீலா வருகிறது. நம்ம ஊர்ச் சந்தையில் வெட்டி வாங்கிப் பொரித்துத் தின்கிற அதே சீலாதான், ஆனால் அந்தக் காட்சியில் அதன் பல்லைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அதைத் தொடவில்லை. கோரல் முட்டைகளை நோக்கிப் பாய்கிறாள், மார்லின் அடிபட்டு மயங்குகிறான், முழிக்கும்போது கோரலும் இல்லை முட்டைகளும் இல்லை, லேசாகக் கீறல் விழுந்த ஒரே ஒரு முட்டை கிடக்கிறது. அதைக் கையில், அதாவது துடுப்பில், ஏந்திக்கொண்டு உனக்கு ஒன்றும் ஆக விடமாட்டேன் என்கிறான். கோரலுக்குப் பிடித்த நீமோ என்ற பேரையே அதற்கு வைக்கிறான்.

இதில் உயிரியல் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. மார்லின் கோமாளி மீன் இனம், அந்த இனத்தில் முட்டைகளைக் காவல் காப்பது பெரும்பாலும் ஆண்தான். துடுப்பால் விசிறி முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் படும்படி பார்ப்பதும், கெட்டுப்போன முட்டைகளைத் தின்று அப்புறப்படுத்துவதும் அதன் வேலை. ஆகவே பிள்ளையை விட்டு நகராத அப்பன் என்பது கதாசிரியர் கற்பனையாகக் கட்டிய குணம் மட்டும் இல்லை. இன்னொரு உண்மையைப் படம் சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் படமே வேறாகியிருக்கும்: ஜோடியில் பெண் செத்துவிட்டால் அந்த ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். நிஜக் கடலில் மார்லின் கொஞ்ச நாளில் நீமோவுக்கு அம்மாவாகியிருப்பான். அதை அக்கா மகளிடம் சொன்னபோது “சும்மா இருங்க சித்தி” என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

சரி, மார்லின் பட்டது எப்படிப்பட்ட பாடு? ஒரே அடியில் வந்து ஒரே அடியில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவனிடம் மிச்சம் இருப்பது பயம். வீட்டைவிட்டு வெளியே போக நாலு தரம் தலையை நீட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறான். பிள்ளைக்கு வலது துடுப்பு சின்னது என்பதால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடம் போன முதல் நாளே பின்னாலேயே போய் எல்லார் முன்னாலும் அதட்ட, அந்தக் கோபத்தில்தான் நீமோ ஆழக் கடலுக்குப் போய்ப் படகைத் தொடுகிறான், திரும்பி வரும் வழியில் பிடிபடுகிறான். அதாவது முதல் இழப்பின் பயம் இரண்டாவது இழப்பை இழுத்துக்கொண்டு வந்தது. இதை அவனும் உணர்கிறான் என்பதுதான் மார்லின் கட்சியின் பலமான வாதம் என்று நான் நினைக்கிறேன், அக்கா மகள் இதைச் சொல்லவே இல்லை, அவள் எப்போதும் சுறாவையும் சொறியையும்தான் எண்ணிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பயணக் கஷ்டங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மார்லினுக்குப் போக வேண்டிய இடம் தெரியும். முக்குளித்தவனின் கண்ணாடி முகமூடியில் சிட்னி விலாசம் எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்வதும், கடைசிவரை மறக்காமல் வைத்திருப்பதும் டோரிதான் என்பது வேறு விஷயம். கொண்டுபோய்ச் சேர்க்க நீவாடும் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிற நிஜமான நீரோட்டம் அது, அதில் நூற்றைம்பது வயது ஆமை ஒன்று கூடவே வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் கதை கடல் முழுக்கப் பரவுகிறது. ஆமைக் குட்டிகளிடம் அவன் சொன்னதை ஒரு மீன் இன்னொரு மீனுக்குச் சொல்லி, டால்பின் சொல்லி, பறவை சொல்லி, கடைசியில் ஒரு கூழைக்கடா, அந்த முக்குளித்த பல் டாக்டரின் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் நீமோவிடமே உங்கப்பா உன்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்கிறது. தன் கஷ்டத்தைக் கேட்க ஊரே இருப்பது ஒரு பெரிய ஆறுதல். டோரி பட்டதை எந்த மீனும் எந்த மீனிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு முதலில் அவளுக்கே அது தெரிய வேண்டுமே.

இந்த இடத்தில் ஒரு சின்ன இடைச்செருகல். முதல் படத்தின் முடிவில் டோரி ஒரு மீன்பிடி வலையில் மாட்டிக்கொள்வாள், நீமோ உள்ளே போய் எல்லா மீன்களையும் ஒன்றாகக் கீழ்நோக்கி நீந்தச் சொல்ல, பாரம் தாங்காமல் வலை அறுந்து மீன் கூட்டம் தப்பிக்கும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் கைதட்டுகிற காட்சி. குளச்சலில் நாற்பது வருஷம் கடலுக்குப் போன எங்கள் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, “மக்களே, அந்த வலைக்க வெல என்னாகும் தெரியுமா? கூலிக்கு நிக்குதவனுக்கு அண்ணைக்கு வீட்டுல அடுப்பெரியுமா?” என்று கேட்டார். பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “சரி, புள்ள கெடச்சுல்லா, போட்டு” என்றார். கஷ்டத்தை அளக்கும்போது எந்தப் பக்கம் நின்று அளக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதே விஷயம் படம் எடுத்தவர்களுக்கும் நடந்திருக்கிறது. சீலா வருகிற காட்சி முதலில் திட்டமிட்டபோது ஆரம்பத்தில் இல்லை. கோரலுக்கு என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கிக் காட்டுவதாகத்தான் ஸ்டான்டன் வைத்திருந்தார். அப்படி வைத்தபோது மார்லின் எரிச்சலூட்டும் தொணதொணப்பு அப்பனாகத் தெரிந்தான், பார்க்கிறவர்களுக்கு அவன்மேல் ஒட்டுதலே வரவில்லை. காட்சியைத் தூக்கி முதலில் வைத்ததும் அதே தொணதொணப்பு நியாயமாகிவிட்டது. மார்லின் செய்கிற ஒரு காரியமும் மாறவில்லை, நமக்கு அவன் கதை எப்போது தெரிகிறது என்பது மட்டும்தான் மாறியது. டோரிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவளுடைய கதை நமக்குத் தெரிய பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

ஆனாலும் முதல் படத்திலேயே தடயம் இருக்கிறது. மறதி வியாதி எங்கள் குடும்பத்திலேயே உண்டு என்று டோரி மார்லினிடம் சொல்வாள், சொல்லிவிட்டு, அப்படித்தான் நினைக்கிறேன், ஆமாம் அவர்களெல்லாம் எங்கே என்று ஒரு நொடி திகைத்து நிற்பாள். தியேட்டரே சிரிக்கிற இடம். முடிவுக்குப் பக்கத்தில் இன்னொரு இடம்: நீமோ செத்துவிட்டான் என்று நினைத்து மார்லின் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, போகாதே, இவ்வளவு நாள் யாரும் என்னோடு கூட இருந்ததில்லை, உன்னோடு இருந்தால் எனக்கு ஞாபகம் நிற்கிறது, உன்னைப் பார்த்தால் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று கெஞ்சுவாள். மார்லின் போய்விடுவான். அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தால் கெஞ்சுகிறவளின் குரலில் இருப்பது ஒருநாள் பழக்கத்தில் வந்த பாசம் இல்லை, இதற்கு முன் பல பேர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது தெளிவாகவே கேட்கும். 2012இல் படத்தை 3டியில் மறுவெளியீடு செய்கிற வேலைக்காக மறுபடி பார்த்தபோது ஸ்டான்டனுக்கே டோரியைப் பற்றிக் கவலை வந்துவிட்டதாம், இவள் மறுபடி எங்காவது தொலைந்து இவர்களையும் மறந்துவிட்டால் என்ன செய்வாள் என்று. அந்தக் கவலையில் பிறந்ததுதான் 2016இல் வந்த ‘ஃபைண்டிங் டோரி’.

அதில் தெரிய வருகிறது. டோரி பிறந்ததும் வளர்ந்ததும் கலிபோர்னியாவில் மோரோ பே என்ற ஊரில் உள்ள ஒரு கடல்வாழ் உயிரின நிலையத்தில். அப்பா சார்லி, அம்மா ஜென்னி. பிள்ளைக்கு மறதி என்று தெரிந்து இரண்டு பேரும் பாட்டாகக் கட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இழுக்கிற அடிநீரோட்டத்துக்குப் பக்கத்தில் போகாதே என்று படிக்க வைக்கிறார்கள், வீட்டுக்கு வழி தெரிய சிப்பிகளை வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். ஒருநாள் இந்தப் பிள்ளை எப்படித் தனியாக வாழப்போகிறது என்று அம்மா அழுவதைச் சின்ன டோரி கேட்கிறாள். அம்மாவுக்கு ஊதா நிறச் சிப்பி பிடிக்குமே, ஒன்று எடுத்துக் கொடுத்தால் அழுகையை நிறுத்துவாள் என்று போகிறாள். அந்தச் சிப்பி கிடப்பது அடிநீரோட்டத்துக்குப் பக்கத்தில். இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இதற்கப்புறம்தான் உண்மையான கதை, அதைப் படம் சில நிமிடங்களில் கடந்துவிடும், நான் மறுபடி மறுபடி அதைத்தான் ஓட்டிப் பார்த்தேன். குட்டி மீன் ஒன்று எதிரில் வருகிற ஒவ்வொருவரிடமும் எனக்கு மறதி வியாதி, எங்கப்பா அம்மாவைத் தொலைத்துவிட்டேன், உதவி செய்வீர்களா என்று கேட்டுக்கொண்டே போகிறது. சிலர் இரக்கப்படுகிறார்கள், சிலர் விலகிப் போகிறார்கள். வருஷங்கள் ஓடுகின்றன, உடம்பு வளர்கிறது. கேட்கிற கேள்வி தேய்கிறது. முதலில் அப்பா அம்மா என்பது போய்விடுகிறது, பிறகு யாரையோ தேடுகிறேன் என்பது மட்டும் நிற்கிறது, கடைசியில் எதையோ தொலைத்துவிட்டேன் என்ற உணர்வு மட்டும். அப்படி நீந்திக்கொண்டிருக்கும்போதுதான் பிள்ளையைப் பறிகொடுத்து அலறிக்கொண்டு வருகிற மார்லின் அவள்மேல் மோதுகிறான். முதல் படத்தில் சிரித்துக்கொண்டே பார்த்த அறிமுகக் காட்சி அது. சிட்னிக்கும் கலிபோர்னியாவுக்கும் நடுவில் 12,000 கிலோமீட்டர் பசிபிக் கடல் கிடக்கிறது. மார்லின் ஒரு நாட்டின் கரையோரமாகப் போய் வந்தான். இவள் எந்த விலாசமும் இல்லாமல், எதற்காகப் போகிறோம் என்பதே நழுவிக்கொண்டிருக்க, ஒரு பெருங்கடலையே கடந்து வந்து நின்றாள்.

இங்கேதான் அக்கா மகள் தன் துருப்புச்சீட்டை இறக்குவாள். “சித்தி, அவளுக்குத்தான் எல்லாம் மறந்து போகுதே, அப்புறம் என்ன கஷ்டம்? மார்லினுக்குத் தினமும் ஞாபகம் இருக்குல்லா?” நல்ல கேள்வி. மறதி ஒரு வரம் என்று நம் பக்கத்தில் பெரியவர்களும் சொல்வார்கள். ஆனால் மூளையைப் பற்றித் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் மறதி அப்படி முழுசாகத் துடைத்துவிடுவதில்லை.

புதிய ஞாபகங்களைச் சேர்த்துவைக்க மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக அறுவை செய்தபோது இரண்டு பக்கமும் அந்தப் பகுதியைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் 2008இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை, சற்றுமுன் பேசியவரையே புதிதாகப் பார்ப்பார். ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், முந்தின நாள் வரைந்தது சுத்தமாக ஞாபகம் இல்லாமலே. கை கற்றுக்கொண்டது, மனுஷருக்குத்தான் கற்றுக்கொண்டது தெரியவில்லை. டோரிக்குப் படிக்கத் தெரியும், எங்கே படித்தாள் என்று தெரியாது. நீந்திக்கொண்டே இரு என்ற பாட்டு வாயில் வரும், சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியாது. படம் எடுத்தவர்கள் இதைச் சும்மா அடித்துவிடவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 2010இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு. ஹிப்போகேம்பஸ் சேதமான சிலருக்குச் சோகமான படத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது, ஆனால் சோகம் போகவில்லை. ஏன் மனசு பாரமாக இருக்கிறது என்று தெரியாமலே பாரமாக இருந்தார்கள். அதாவது ஞாபகமும் துக்கமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை இல்லை, முன்னது அறுந்தாலும் பின்னது கிடக்கும்.

இதை வைத்து டோரியைப் பாருங்கள். மார்லினுக்குத் துக்கம் வரும்போது அதற்குக் காரணம் கூடவே வரும்: கோரல், சீலா, அந்த நாள். அவனால் அழ முடியும், கோபப்பட முடியும், நீமோவிடம் சொல்ல முடியும், ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று தனக்கே விளக்கிக்கொள்ள முடியும். டோரிக்குப் பாரம் மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. இரண்டாவது படத்தில் பழைய துண்டுகள் திரும்ப வரத் தொடங்கியதும் அவளுக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை, குற்றவுணர்ச்சி. நான்தான் அவர்களைத் தொலைத்தேன், என் தப்புதான் என்கிறாள். அத்தனை வருஷமும் எங்கோ அடியில் அது கிடந்திருக்கிறது.

கூடவே இன்னொன்று, மறதி உள்ளவர்களைச் சுற்றியிருப்பவர்கள் நடத்துகிற விதம். மார்லினிடம் யாரும் உன் கஷ்டம் உன் தப்பு என்று சொல்லவில்லை. டோரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் பேசுகிறாள். இரண்டாவது படத்தில் நீமோவுக்கு ஆபத்து வந்ததும் இதே மார்லின் அவளிடம், அங்கே போய் இருந்து மறந்துகொண்டிரு, உனக்கு நன்றாக வருவது அதுதானே என்கிற மாதிரி ஒன்றைச் சொல்வான். அவள் வீடு என்று நினைத்த ஆள். மார்லின் கட்சிக்காரர்கள் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். கார்ட்டூன் மீன்களின் கதையையும் இங்கே நடந்ததையும் பக்கத்தில் வைப்பது சரியா என்று தயங்கினேன், அளவு பார்ப்பதற்காக வைக்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் பிறந்த யாரும் இந்த இரண்டு மீன்களையும் மற்ற ஊர்க்காரர்கள் பார்க்கிற மாதிரி பார்க்க முடியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இழப்பில் இரண்டு வகை உண்டு என்பதை நாம் பதின்மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு தரம் பார்த்தோம்.

2004 டிசம்பர் 26, சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. வீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சிய குடும்பங்கள் உண்டு. சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, கண் முன்னால் முடிந்தது, பெரும்பாலானவர்களை எடுத்து அடக்கம் செய்தோம், கல்லறை இருக்கிறது, வருஷா வருஷம் அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிப் பூசை வைத்து அழ ஒரு நாளும் இடமும் இருக்கிறது. அந்தத் துக்கம் தீரவில்லை, தீரவும் தீராது, அதற்கப்புறம் பிள்ளையைக் கடற்கரைப் பக்கமே விடாத அம்மாமார்களை எனக்குத் தெரியும். மார்லினைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

2017 நவம்பர் கடைசியில் வந்தது ஒக்கி புயல். நவம்பர் 29 ராத்திரி முதல் அடுத்த நாள் வரை அடித்தது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள், எச்சரிக்கை வருமுன்பே வெகுதூரம் போயிருந்தார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை, அவர்களில் பலருடைய உடலும் கிடைக்கவில்லை. குஜராத் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள், லட்சத்தீவில் இருப்பார்கள், ஏதாவது கப்பல்காரன் ஏற்றியிருப்பான் என்று போன் அடித்துக்கொண்டே இருந்த வீடுகள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்த பெண்கள். எப்போது அழ ஆரம்பிப்பது என்பதே அங்கே ஒரு கேள்வி.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்தபோது இதைத் தனி வகை இழப்பாகப் பிரித்துச் சொன்னார். உறுதியாகாத இழப்பு. செத்தார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, அதனால் துக்கம் தொடங்கவும் முடியாது முடியவும் முடியாது. இதில் அவர் இரண்டு விதம் சொல்கிறார்: ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார், காணாமல் போனவரைப் போல. அல்லது ஆள் எதிரில் இருக்கிறார், ஆனால் உள்ளே இல்லை, ஞாபகமறதி நோய் வந்த பெற்றோரைப் போல. சட்டமும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழு வருஷம்தான். ஒக்கிக்குப் பிறகு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தித்தான் இங்கே குடும்பங்களுக்கு இறப்புச் சான்று கொடுத்தார்கள்.

டோரியின் கதை ஒக்கி மாதிரியான இந்த உறுதியாகாத இழப்பு வகையைச் சேர்ந்தது. அதுவும் எல்லாப் பக்கத்திலிருந்தும். பெற்றோருக்கு அவள் காணாமல் போனவள். அவளுக்குப் பெற்றோர் காணாமல் போனவர்கள். அவளுக்கு அவளே பாதி காணாமல் போனவள். பாஸ் சொன்ன இரண்டு விதமும் ஒரே மீனுக்குள் இருக்கிறது. இப்படி ஒரு பாத்திரத்தை யோசித்தவர்கள் அதைச் சிரிப்புப் பாத்திரமாக முதலில் யோசித்தார்கள் என்பது ஆச்சரியம்தான்.

அக்கா மகள் இன்னமும் விடவில்லை, கடைசியாக ஒரு வாதம் வைத்தாள், அது உண்மையிலேயே கனமானது. கோரல் திரும்பி வரவில்லை. அந்த நானூறு முட்டையும் வரவில்லை. டோரிக்கு மட்டும் அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு கிடைக்கிறார்கள். மகளைத் தேடித் தனிமைப்படுத்தும் பகுதிக்குக் குழாய் வழியே போனவர்கள் திரும்பவே இல்லை என்று கேள்விப்பட்டு டோரி உடைந்து போகிறாள். ஆனால் வெளியே கடலில் வந்து விழுந்ததும், நாலா பக்கமும் வரிசை வரிசையாகச் சிப்பி அடுக்கியிருப்பதைப் பார்க்கிறாள், அத்தனை வருஷமும் தினம் சிப்பி எடுத்து வந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார்கள். நல்ல காட்சி, நானும் அழுதேன். ஆனாலும் எனக்கு இது கொஞ்சம் வசதியாகப் போன முடிவு என்றுதான் பட்டது. சின்னத்துறையில் இருந்து பார்த்தால் இன்னும் வசதியாகத் தெரியும்.

ஆகவே இழந்தது யார் அதிகம் என்று கேட்டால் மார்லின்தான், தகராறே இல்லை. ஆனால் நாங்கள் சண்டை போட்டது கஷ்டப்பட்டது யார் அதிகம் என்று. மார்லினுக்கு அந்த ஒரு நாளும், பிறகு நீமோவைத் தேடின நாட்களும். நடுவில் பயந்துகொண்டே என்றாலும் ஒரு வீடு இருந்தது, பிள்ளை இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். டோரிக்கு ஒரு குழந்தைப் பருவம் முழுக்கவும் அதற்கு அப்புறமும், தனியாக, ஏன் என்று தெரியாமல். முடிவில் பெற்றோர் கிடைத்தது அந்த வருஷங்களைத் திருப்பித் தரவில்லை. சார்லியும் ஜென்னியும் பட்டதை மூன்றாவது கட்சியாகச் சேர்த்தால் நான் அவர்களுக்கே ஓட்டுப் போடுவேன், ஆனால் அது இன்னொரு சண்டை.

யாராவது நம்பவில்லை என்றால் ஒன்று செய்து பாருங்கள். 2016 படத்தை முதலில் போட்டுவிட்டு, அடுத்த நாள் 2003 படத்தைப் போடுங்கள். ஆமாம் அவர்களெல்லாம் எங்கே என்று டோரி கேட்கிற இடத்தில் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள். அக்கா மகளிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், பரீட்சை முடியட்டும் என்கிறாள்.